கொன்றவன் காரி, மலை யாருக்கு?

(கொல்லிமலை, செம்மேட்டில் வாசகர்கள் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கிரைம் நாவலாசிரியர் ஒருவரின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். பக்திச் சொற்பொழிவுகள் கேட்டுப் பழகிய மலையில் இதென்ன தலைப்பு என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் கதையே ஒரு குற்றக் கதைதான். கடையெழு வள்ளல்களில் ஒருவர். அவரைக் கொன்றவர் இன்னொரு வள்ளல், முள்ளூர் மன்னன் திருமுடிக்காரி. கொன்ற பிறகு காரி இந்த மலையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டார். அகநானூறு சொல்லும் செய்தி இது.

இந்த வழக்கில் கொன்றது யார் என்ற மர்மமே கிடையாது. ஊரறிய, போர்க்களத்தில் நடந்த கொலை. ஆனால் கதை அங்கே முடிகிறதா? மலை யார் கைக்குப் போனது? அதன் மிளகும் தேனும் பலாவும் யாருக்குக் கப்பமாயின? காரியின் வாளுக்குப் பின்னால் யாருடைய ஆசை இருந்தது? கொன்றவனைத் தேடுவது ஒருவகைக் குற்றக் கதை. கொலையால் யாருக்கு ஆதாயம் என்று தேடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் அமெரிக்காவில் ஹார்ட்பாய்ல்டு நாவல் என்றார்கள். அதில் துப்பறிகிறவன் அறிவுக்கொழுந்து அல்ல. அடி வாங்குவான், அலுத்துப்போவான், கூலிக்கு வேலை செய்வான். போலீஸ் விலைக்கு வாங்கப்பட்டிருக்கும். கொலைகாரன் பிடிபட்டாலும் ஊர் திருந்தாது.

இந்த வகைக்கு அடித்தளம் போட்டவர் டாஷியல் ஹாம்மெட். 1894-ல் மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பதினான்கு வயதுக்குள் பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. சில்லறை வேலைகள் பார்த்து, 1915-ல் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் திருடர்களை மட்டும் தேடவில்லை. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களை உளவு பார்க்கவும் போராட்டத்தை உடைக்கவும் முதலாளிகளுக்கு ஆள் அனுப்பியது. கூலிக்கு உளவு பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை உள்ளே இருந்தே பார்த்தவர் ஹாம்மெட். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து காசநோய் வாங்கிக்கொண்டார். ஓடியாடி வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்காத நிலையில், சான்பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மட்டமான தாளில் அச்சாகிச் சில்லறைக் காசுக்கு விற்ற 'பிளாக் மாஸ்க்' என்ற இதழ் அவர் கதைகளை வாங்கிக்கொண்டது.

1929-ல் வந்த அவருடைய முதல் நாவல் 'ரெட் ஹார்வெஸ்ட்'. ஒரு சுரங்க ஊர். ஊரின் சுரங்கம், வங்கி, பத்திரிகை எல்லாம் ஒரே கிழவனுக்குச் சொந்தம். தொழிலாளர் போராட்டத்தை உடைக்க அவன் ரவுடிகளை வெளியூரிலிருந்து இறக்குகிறான். போராட்டம் உடைந்தது, ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ஊரையே பங்கு போட்டுக்கொண்டார்கள். நாவலின் முதல் கொலையைச் செய்தவன் யார் என்பது பாதிக்கு முன்பே தெரிந்துவிடும். மீதிப் புத்தகம் முழுக்க அந்த ஊர் எப்படி அழுகியது என்பதுதான்.

அடுத்த ஆண்டு 'மால்ட்டீஸ் ஃபால்கன்' வந்தது. அதில் ஓர் இடம். நடு இரவு, இருட்டறையில் டெலிபோன் மணி அடிக்கிறது. சாம் ஸ்பேட் எடுத்துப் பேசுகிறான். அவனுடைய தொழில் கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான் என்பது செய்தி. ஸ்பேட் அதிர்ந்தான் என்றோ, கண் கலங்கினான் என்றோ ஹாம்மெட் எழுதவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவன் சிகரெட் சுருட்டுவதை எழுதுகிறார். தாளை வளைப்பது, புகையிலையைச் சமமாகப் பரப்புவது, விரல்கள் உருட்டுவது, நாக்கால் ஓரத்தை நனைப்பது எல்லாம் நிதானமாக வருகின்றன. மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும், கதவில் இருக்கும் கூட்டாளியின் பெயரை அழித்துவிடச் சொல்கிறான். அவனுக்குத் துக்கமா, நிம்மதியா? செத்தவனின் மனைவியோடு அவனுக்குத் தொடர்பு இருந்தது என்பது வேறு நமக்குத் தெரியவருகிறது. அவன் மனசைத் திறந்து காட்ட மறுக்கிறார் எழுத்தாளர். விரல்களை மட்டும் காட்டுகிறார். குற்றக் கதை எழுத விரும்பும் இளைஞர்கள் அந்த ஒரு பக்கத்தைப் பலமுறை படிக்கலாம்.

ஐந்தே நாவல்கள். கடைசி நாவல் 1934-ல் வந்தது. 1961-ல் இறக்கும்வரை இன்னொரு நாவலை அவர் முடிக்கவில்லை. இடையில் குடி, ஹாலிவுட் பணம், இடதுசாரி அரசியல். 1951-ல், அரசியல் கைதிகளுக்கான ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னது நீதிமன்றம். சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனார். ஆட்களைக் காட்டிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டு வாழ்க்கையைத் தொடங்கியவர், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனார். அவர் எழுதாத ஆறாவது நாவல் அதுதான்.

நம் ஊருக்கு வருவோம். தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறாண்டுக்கு மேல் வயது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வீடுவீடாகப் போனார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்ற பாத்திரத்தைக் கொடுத்தார். அந்தச் சாமியாரை 1950-ல் படமாக எடுத்தது நம் பக்கத்துச் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுக் கதாநாயகனாக நடித்த படம் அது. பின்னால் இதே மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' என்று அடுக்கியது. தமிழ் சினிமாவின் துப்பாக்கிப் புகையில் சேலத்துப் பங்கு கணிசம்.

அடுத்து தமிழ்வாணன். தேவகோட்டைக்காரர். 'கல்கண்டு' இதழின் ஆசிரியர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய முத்திரை. அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே உலகம் சுற்றித் துப்பறிந்தார். சங்கர்லால் நல்லவர், வல்லவர், சுத்தத் தமிழ் பேசுகிறவர். படிக்கும் பையன் அவரைப்போல் ஆக வேண்டும் என்று நினைப்பான். சாம் ஸ்பேடைப் போல் ஆக வேண்டும் என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்ல மாட்டாள்.

இந்த வரிசையில் வந்து, இந்த வரிசையையே விழுங்கியவர் ராஜேஷ்குமார். இயற்பெயர் ராஜகோபால். 1947-ல் கோயம்புத்தூரில் பிறந்தார், அங்கிருந்தே எழுதினார். அறுபதுகளின் இறுதியில் சிறுகதைகள் அச்சேறத் தொடங்கின. முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்', 1980-ல் மாலைமதி இதழில் வந்தது. அதன் பிறகு தடுக்க ஆள் இல்லை. நாவல்கள் 1500-க்கு மேல், சிறுகதைகள் 2000-க்கு மேல் என்பது அவர் கணக்கு. நாற்பது ஆண்டுக்கு 480 மாதம். அதில் 1500-ஐப் பங்கிட்டால், மாதம் மூன்று நாவல். அளவில் குறுநாவல்தான், இருக்கட்டும். மாதம் மூன்று முறை ஒரு கொலையை யோசித்து, அதை மறைத்து, மறைத்ததைக் கண்டுபிடித்து, அச்சகத்துக்குத் தேதி தவறாமல் அனுப்ப வேண்டும். ஹாம்மெட் வாழ்நாளில் எழுதிய நாவல் எண்ணிக்கை இவருக்கு இரண்டு மாதத்து வேலை.

இந்த உழைப்பை அலட்சியமாகப் பேசும் இலக்கியவாதிகள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. எண்பதுகளில் ஜி. அசோகன் நடத்திய 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' போன்ற மாத இதழ்களை நினைத்துப்பாருங்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலும் சேலம் பஸ் ஸ்டாண்டிலும் பெட்டிக்கடை முன்னால் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். வழவழப்பான அட்டையில் பளீர் நிறங்கள். உள்ளே விரலில் மை ஒட்டும் நியூஸ்பிரிண்ட் தாள், நடுவில் பின். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் அடிவாரம் தொட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிவதற்குள் பாதி படித்துவிடலாம். அந்த வளைவுகளில் புத்தகம் படித்தும் வாந்தி எடுக்காதவர்கள் இந்த மலைக்காரர்கள் மட்டும்தான். படித்து முடித்ததும் வீட்டில் சேர்த்து வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போகும், கடைசியில் வேர்க்கடலைப் பொட்டலம் ஆகும். நூலகப் படி ஏறாத லட்சக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தது அந்தத் தாள்தான்.

ராஜேஷ்குமாரின் கட்டுமானத்தைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் அத்தியாயத்தில் ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு சிக்கல். இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பினால் வேறு ஊர், வேறு ஆட்கள், சம்பந்தமே இல்லாத சம்பவம். மூன்றில் மறுபடி முதல் கதை, நான்கில் இரண்டாவது கதை. இரண்டும் தண்டவாளம்போல் ஓடி, கடைசி அத்தியாயங்களில்தான் ஒன்றோடொன்று இடிக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு கொக்கி. அதோடு அறிவியல். விஷத்தின் பெயர், மருத்துவமனையின் உள்நடப்பு, ஆய்வகச் சோதனை எல்லாம் சாதாரணக் குடும்பப் பேச்சுக்கு நடுவே வந்து உட்காரும். பள்ளிப் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு டி.என்.ஏ. என்ற பெயர் முதலில் தெரியவந்தது பாடப்புத்தகத்திலிருந்தா, க்ரைம் நாவலிலிருந்தா என்று கேட்டால், பல வீடுகளில் இரண்டாவதுதான் பதிலாக இருக்கும்.

அவருடைய நிரந்தரப் பாத்திரங்கள் விவேக், மனைவி ரூபலா, உதவிக்கு விஷ்ணு. விவேக் க்ரைம் பிராஞ்ச் அதிகாரி. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் பாக்கெட் நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, ப்ரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ராஜேஷ்குமாரும் சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் ஆங்கில வாசகர்களிடம் போனார்கள். 2015-ல் 'சண்டமாருதம்', 2017-ல் 'குற்றம் 23' என்று அவர் கதைகள் திரைக்கும் வந்தன. 'குற்றம் 23' கருத்தரிப்பு சிகிச்சையை வைத்துப் பெண்களை மிரட்டும் குற்றத்தைத் தொட்டது. தாய்மை வியாபாரமான காலத்தில் எங்கே குற்றம் முளைக்கும் என்று மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு எப்போதும் உண்டு.

இத்தனையும் சொன்ன பிறகு என் கேள்விக்கு வருகிறேன். ராஜேஷ்குமார் ஹார்ட்பாய்ல்டு எழுத்தாளரா? இல்லை என்பதே என் முடிவு. அது அவர் திறமைக் குறைவால் அல்ல. நம் கிரைம் நாவலின் கதாநாயகன் யார் என்பதில் இருக்கிறது விஷயம்.

அமெரிக்காவில் தனியார் துப்பறிவாளன் என்பவன் நிஜத்தில் இருந்தான். உரிமம் வாங்கினான், கொலை வழக்கில் மூக்கை நுழைத்தான், போலீஸிடம் உதை வாங்கினான். நம் நாட்டில் தனியார் துப்பறியும் நிறுவனம் என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா, பெண்ணுக்கு முன்னால் காதல் உண்டா என்று விசாரிப்பதுதான் தொழில். ஆகவே நம் எழுத்தாளர்கள் போலீஸ் அதிகாரியையோ வக்கீலையோ நாயகனாக்கினார்கள். சுஜாதா வக்கீலைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளரான அவர் 1968-ல் குமுதத்தில் எழுதிய 'நைலான் கயிறு' நாவலில் கணேஷ் வந்தான். பிறகு வசந்த் சேர்ந்தான். குறைந்த வார்த்தை, வெட்டு வெட்டான வாக்கியம், உணர்ச்சியைச் சொல்லாமல் பொருளைக் காட்டுவது ஆகியவற்றில் ஹாம்மெட்டுக்கு மிக அருகே வந்தவர் சுஜாதாதான். ஆனால் கணேஷ் ஒருபோதும் அழுக்காவதில்லை. வழக்கு முடிந்ததும் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

போலீஸ் அதிகாரி நாயகனானால் இன்னொரு சிக்கல். கடைசி அத்தியாயத்தில் அவர் விளக்கம் கொடுப்பார், கமிஷனர் கைகுலுக்குவார். குற்றவாளி எப்போதும் தனி மனிதன்: பேராசைக்கார மாமா, பழிவாங்கும் டாக்டர், மனநோயாளி. அவனைப் பிடித்துவிட்டால் உலகம் மறுபடி ஒழுங்காகிவிடும். காவல்துறையோ வனத்துறையோ வருவாய்த்துறையோ குற்றவாளிக் கூண்டில் ஏறும் கதையை இந்த நாயகனால் நடத்த முடியாது.

அப்படி ஒரு குற்றம் நம் பக்கத்து மலையிலேயே நடந்தது. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி. இங்கே உங்களில் பலர் எந்தச் சமூகமோ, அதே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கல் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்திருந்தார்கள்; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. இந்த வழக்கை விவேக்கிடம் கொடுத்தால் அவர் யாரைக் கைது செய்வார்? தன் அலுவலகத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

1992-ல் பஸ் ஸ்டாண்டுகளில் எத்தனையோ கிரைம் நாவல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. மாதம் மூன்று நாவல் கேட்கும் சந்தை, விசாரித்து எழுத நேரம் தராது. குடும்பத்தோடு படிக்கும் வாசகர், கடைசிப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கப் போக ஆசைப்படுவார். ஹார்ட்பாய்ல்டு நாவலுக்கு வேண்டிய கேள்விகளைத் தமிழில் கேட்டவர்கள் வேறு அலமாரியில் இருக்கிறார்கள். மதுரைச் சந்துகளின் தரகனையும் விபச்சாரத்தையும் கண் சிமிட்டாமல் பார்த்த ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974-ல் வந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் மலைமக்கள் பட்ட சித்திரவதையை ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி'யில் எழுதினார். இவை இலக்கியம் என்று ஒரு தட்டில் வைக்கப்பட்டன, ராஜேஷ்குமார் பொழுதுபோக்கு என்று இன்னொரு தட்டில். இரண்டு தட்டுக்கும் நடுவே எழுதப்படாமல் கிடக்கிறது தமிழின் ஹார்ட்பாய்ல்டு நாவல்: ராஜேஷ்குமாரின் வேகமும், நாகராஜனின் கண்ணும் சேர்ந்த ஒன்று.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிப்பாவை இந்த மலையின் தெய்வம். சிரித்து மயக்கி, தீயவர்களைக் கொன்றுவிடும் என்பது இங்கே வழங்கும் கதை. ஹாம்மெட் நாவலில் சிரித்துக்கொண்டே பொய் சொல்லி ஆளைக் கொல்லும் பெண்ணை அமெரிக்கர்கள் 1930-ல் கண்டு வியந்தார்கள். நாம் அவளுக்கு முன்பே கோயில் கட்டிவிட்டோம். ஆனாலும் நம் பாக்கெட் நாவல் அட்டைகளில் பெண் பெரும்பாலும் அலறிக்கொண்டிருப்பாள், அல்லது பிணமாகக் கிடப்பாள். பாவையைப்போல் தானே வழக்கை முடிக்கும் பெண்கள் அபூர்வம். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவிகள் இதை மாற்ற வேண்டும்.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த மலையில் பாக்சைட் வெட்டப்பட்டு மேட்டூருக்குப் போனது. சோளக்காட்டுச் சந்தையில் பலாவுக்கும் அன்னாசிக்கும் யார் விலை வைக்கிறார்கள், மிளகுக்கு முன்பணம் கொடுத்தவர் அறுவடையில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார், பட்டா யார் பேரில் இருக்கிறது, நிலத்தில் உழுவது யார் என்று நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கீழே நாமக்கல்லில் லாரித் தொழில், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், கோழிப்பண்ணைகள், வட்டிக் கணக்குகள். பணம் புரளும் இடமெல்லாம் குற்றமும் புரளும். ஹாம்மெட்டுக்கு ஒரு சுரங்க ஊர் போதுமானதாக இருந்தது.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாக்கெட் நாவல்கள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். நூலகர்களும் இதெல்லாம் புத்தகமா என்று திருப்பி அனுப்பாமல் வாங்கி வையுங்கள். ஒரு தலைமுறை எதைப் படித்து வளர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டு, எழுதுகிறவர்களுக்கு. ராஜேஷ்குமாரிடம் அத்தியாயம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள், சுஜாதாவிடம் வார்த்தையைக் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஹாம்மெட்டிடம் மனசைச் சொல்லாமல் விரலைக் காட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டபின் கொலைகாரனின் பெயரை முதல் பத்துப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யாருக்கு லாபம் என்பதை மீதிப் பக்கங்களில் எழுதுங்கள். அந்த நாவல் தமிழில் இன்னும் வரவில்லை. அதை எழுதும் உரிமை இந்த மலைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.